வெட்கத் துண்டு

தட்டுக்கு ஆறு குரோகெட்டா.
நாங்கள் எட்டுப் பேர்.
இரண்டு தட்டு சொல்லிவிடு என்றாள் மிலாக்ரோஸ்,
ஆளுக்கு ஒன்றரை, அடிதடி வேண்டாம்.
வியாழக்கிழமை வாலிபாலில்
புள்ளி எண்ணுவதும் அவள்தான்.
இன்றும் தோற்றோம்.

சரகோசாவில் நவம்பர் என்றால் காற்று.
சியெர்சோ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறோம்.
சந்து முனையில் நின்று
போகிறவர் வருகிறவரை முதுகில் கைவைத்துக்
கடைக்குள் தள்ளிவிடும்,
கமிஷன் வாங்குகிற ஆள் மாதிரி.

உட்கார இடமில்லை. எப்போதுமே இல்லை.
ஒரு பழைய பீப்பாய், அதைச் சுற்றிப்
பதினாறு முழங்கைகள்.
கசில்டாவும் பிரௌலியோவும்
முடிந்தவரை தள்ளித் தள்ளி நின்றார்கள்.
பீப்பாய் வட்டம்.
வட்டத்தில் தூரமாக நிற்பவர்கள்தான்
நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும்.
இதை யாரும் யோசிக்கவில்லை.

மார்ச்சில் கையெழுத்தானது.
நாய் அவளுக்கு.
கார் அவனுக்கு.
நாங்கள் யாருக்கு என்று
வக்கீல் எழுத மறந்துவிட்டார்.

வெர்மூத் வந்தது, ஆலிவ் மிதக்க.
வினிகரில் வெளுத்த நெத்திலி வந்தது.
பூண்டு எண்ணெயில் இன்னும் கொதித்தபடி
மண்சட்டியோடு இறால்;
ஓனோஃப்ரே அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டான்,
போன மாதமும் சுட்டுக்கொண்டான்.
துடைக்கக் கொடுத்த காகிதம்
எண்ணெயை உறிஞ்சாது, இடம் மாற்றும்.
அதில் நீல எழுத்தில்: வருகைக்கு நன்றி.

பிறகு உப்புத் தூவி வதக்கிய பச்சை மிளகாய்.
பத்தில் ஒன்று காரம்.
எது என்று மிளகாய்க்கே தெரியாது.
பிரௌலியோ ஒன்றைக் கடித்தான்,
கண் நிறைந்தது.
மிளகாய், என்றான்.
ஆமாம் மிளகாய்தான், என்றோம்
ஏழு பேரும் ஒரே குரலில்,
தேவைக்கு மேல் சத்தமாக.

ஒன்றரை என்று சொன்னாலும்
அந்த அரையை எப்படி எடுப்பதென்று யாருக்கும் தெரியவில்லை.
சிலர் ஒன்று, சிலர் இரண்டு.
கடைசியில் தட்டில் ஒன்றே ஒன்று.
எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வெட்கத் துண்டு.
எடுத்தால் பெருந்தீனிக்காரன்.
எடுக்காவிட்டால்
பேச்சு பேச்சாக இருக்க, கண் மட்டும் அங்கே.
நீ எடு, ஐயோ வேண்டாம், நீதான் எடேன்,
வயிறு நிறைந்துவிட்டது, சத்தியமாக.
அது நடுவில் ஆறிக்கொண்டிருந்தது.

வலையில் போய் முட்டிய தன் சர்வீஸைப் பற்றி
எதிர்க்காற்று, பழைய பந்து என்று
(நாங்கள் ஆடியது உள்ளரங்கில்)
வாதாடிக்கொண்டே பிரௌலியோ
பார்க்காமல் முள்கரண்டியை நீட்டினான்.
நடுவில் அழுத்தினான்.
மொறுமொறுப்பு அதிகம் ஒட்டியிருந்த பாதியைத்
தட்டு விளிம்புவரை
எதிர்ப்பக்கம் தள்ளினான்.
கசில்டா துல்சேயிடம்
நாயின் பல்வலியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்;
சொல்லிக்கொண்டே எடுத்தாள்,
வாயில் போட்டாள்,
நாய் இப்போது கஞ்சிதான் குடிக்கிறது என்றாள்.

பதினோரு வருஷக் கை.
அதற்கு யாரும் தாக்கல் அனுப்பவில்லை.

பிறகுதான் இருவருக்கும் கேட்டது
எங்கள் அமைதி.
அவள் மென்றுகொண்டிருந்தாள், நிறுத்தவும் முடியாது.
அவன் கரண்டியைப் பார்த்தான்,
யாரோ கையில் திணித்துவிட்டுப் போனது போல.
மிலாக்ரோஸ் மட்டும், புண்ணியவதி,
இன்னொரு தட்டு! என்று கத்தினாள்.
குரோகெட்டா தீர்ந்தது என்றான் தெல்ஃபீன்.

அவன் கணக்கைச் சாக்கட்டியால்
கல்லா மரத்திலேயே எழுதுவான்.
எத்தனையால் வகுக்க, ஏழா?
போன வருஷம் வரை ஏழு.
அவர்கள் இருவருக்கும் ஒரே பணப்பை.
எட்டு, என்றாள் கசில்டா.
ஈரத்துணியால் ஏழை அழித்தான்.
கொஞ்சம் தெரிந்தது, அதன்மேலேயே எட்டைப் போட்டான்.

வெளியே அவள் பாலத்துப் பக்கம்,
அவன் டிராம் பக்கம்.
காற்று ஒருவருக்கு முகத்தில், ஒருவருக்கு முதுகில்.
நாங்கள் ஆறு பேர் சந்தில் நின்று
கொஞ்ச நேரம் வானிலை பேசினோம்.

உண்மையைச் சொல்கிறேன்,
அந்தக் கடைசித் துண்டின்மேல்
எனக்கு ஒரு கண் இருந்தது.